அறுபத்திரண்டு கோடி கிலோ

குலசேகரம் சந்தைக்குப் பின்னால்
ரப்பர் பால் எடுக்கும் டிப்போவில்
ஏசுவடியான் தன் கேனைத் தராசுத் தட்டில் வைத்தார்.
திரையில் விழுந்தது
62,07,56,992 கிலோ.
"மக்ளே, இவ்வளவுக்கும் பைசா தருவினுமா?
எனக்குள்ளது முந்நூறு மரம்."

நேற்றைய நோய் வேறு.
லிங்கர் ஒரே வரியில் கைவிரித்தது:
எடை_வாசி என்று இங்கே ஆளில்லை.
இருக்கிறதே,
நூற்றுப் பன்னிரண்டாம் வரியில், என் கண்ணெதிரே,
குளோபல் என்று ஊருக்கே கூவி வைத்திருக்கிறேனே.
இரண்டு மணி நேரம் போனது,
சி கம்பைலர் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால்
ஓர் அடிக்கோடு இழுக்கிறது என்று நினைவு வர,
தகப்பன் பெயரின் முதலெழுத்தைப் போல.
என் அசெம்பிளியிலோ இனிஷியல் இல்லாத வெறும் பெயர்.
திருவட்டாறு தாலுகா ஆபீஸில்
அத்தையின் பட்டா இப்படித்தான் நாலு வருடம் கிடந்தது.
ஒரு கோடு போட்டேன். சேர்ந்துகொண்டது.
பிழை பூஜ்யம், எச்சரிக்கை பூஜ்யம்.
அந்த இரண்டு பூஜ்யத்தை நம்பி
ஒரு சாயாவும் பழம்பொரியும்.

இன்று மழை.
மழையிலும் வெட்டு நடக்கட்டும் என்று
மரங்களுக்கு பிளாஸ்டிக் பாவாடை கட்டியிருக்கிறார்கள்.
பால் வந்துகொண்டே இருக்கிறது,
வரிசை நீள்கிறது,
என் முதுகில் பத்துப் பதினைந்து கண்கள்.
மெமரியைத் தரையில் கொட்டிப் பார்த்தேன்:

01 00 00 00 25 00 00 00

01 என்றால் பால் என்ற வகை.
25 என்றால் பதினாறின் கணக்கில் முப்பத்தேழு.
எடை அதன் இடத்தில்,
நாலாம் எண்ணில், ஒழுங்காகத்தான் உட்கார்ந்திருக்கிறது.
நான் கை நீட்டியது ஒன்றாம் எண்ணில்.
மூன்று வெறும் பைட்டை அள்ளி
நாலாவதாக 25-இன் தோளைப் பிடித்து இழுத்திருக்கிறேன்.
கடைசியில் வருபவனே பெரியவன், இந்தச் சிப்பின் வழக்கம் அது.
முப்பத்தேழு போய் உச்சாணியில் ஏறிவிட்டது.

கருங்கல்லிலிருந்து ஷெல்பின் எழுதி அனுப்பிய ஸ்ட்ரக்சர்:
ஒரு பைட் வகை, நாலு பைட் எடை.
நான் எழுதியதும்
ஒரு பைட் வகை, நாலு பைட் எடை.
வரிக்கு வரி ஒன்றுதான். நூறு தடவை ஒப்பிட்டேன்.
அவன் கம்பைலர்தான், யாரிடமும் கேட்காமல்,
இரண்டு விளைக்கும் நடுவே மூன்றடி வரப்பு விட்டிருக்கிறது,
எடை என்றால் நாலால் வகுபடும் கல்லில்தான் தொடங்கும் என்று.
நான் கையகலம்கூட விடாமல் நட்டு வைத்தவள்.

லிங்கருக்கு இந்த வழக்கெல்லாம் வேண்டாம்.
அதற்குப் பெயர் தெரியும், வாசல் தெரியும்.
உள்ளே எத்தனை அறை, எந்த அறையில் அரிசி,
ஒரு நாளும் விசாரித்ததில்லை.
ஒரு கோடு குறைந்ததற்கு அத்தனை ஆட்டம் ஆடியது,
அறுபத்திரண்டு கோடிக்கு வாயே திறக்கவில்லை.

அலைன்பி 4
என்று ஒரு வரி, வகைக்கும் எடைக்கும் இடையில்.
பக்கத்தில் ஒரு குறிப்பும்:
மூன்று பைட் காலியிடம். யாரும் குடியில்லை. இடிக்காதீர்கள்.

ஏசுவடியான் மறுபடி கேனை வைத்தார்.
37.
"குறைஞ்சு போச்சே" என்றார், சிரிக்காமல்,
ரசீதை சட்டைப்பைக்குள் நனையாமல் தள்ளியபடி.

ஷெல்பினைக் கூப்பிட்டேன்:
உன் ஸ்ட்ரக்சரில் ஏதும் சேர்த்தால் முதலில் எனக்குச் சொல்லு.
"சொல்லலியா? நேத்து ராத்திரி
வகைக்குப் பின்னால தேதி ஒண்ணு போட்டேன்.
இனிதான் அனுப்பணும்."
எத்தனை பைட்?
ரெண்டு என்றால்
அந்தக் காலியிடத்திலேயே ஒடுங்கிப் படுத்துக்கொள்ளும்,
எடை அசையாது.
நாலு என்றால்
பேச்சிப்பாறைப் பக்கம் இடி விழுந்தது.
லைன் அறுந்துவிட்டது.